நியூட்ரினோ – அணுக்கரு மோதல்: கணினி உருவகப்படுத்தல்களை ஒப்பிட்ட வரலாறு

நியூட்ரினோ என்பது மின்சுமை இல்லாத, மிக மிகக் குறைந்த நிறை கொண்ட அடிப்படைத் துகள் ஆகும். சூரியனிலிருந்து மட்டும் நம் உடலின் ஒவ்வொரு சதுர சென்டிமீட்டர் பரப்பின் வழியாகவும் நொடிக்கு ஏறத்தாழ 6,500 கோடி நியூட்ரினோக்கள் கடந்து செல்கின்றன. அவற்றுள் பெரும்பாலும் ஒன்றுகூட நம் உடலில் உள்ள அணுக்களோடு மோதுவதில்லை. அரிதாக நிகழும் அந்த மோதலில் என்ன நடக்கும் என்பதைக் கணினியில் கணக்கிட்டுக் காட்டும் நிரல்கள் பல உள்ளன. அந்த நிரல்கள் எப்படி உருவாயின, ஒன்றோடொன்று ஏன் ஒப்பிடப்பட்டன, அந்த ஒப்பீட்டில் இந்தியாவுக்கும் குறிப்பாகத் தமிழ்நாட்டுக்கும் என்ன பங்கு என்பதை இக்கட்டுரை விவரிக்கிறது. தேனி மாவட்டத்தில் திட்டமிடப்பட்டு இன்றுவரை கட்டப்படாத நியூட்ரினோ ஆய்வகத்தின் அறிவியல் பணியில் பெரும்பகுதி இத்தகைய கணினி உருவகப்படுத்தலாகவே நடந்தது என்பதால், இது நமக்கு அயலான செய்தி அன்று.

பிடிபடாத துகள்

1930 டிசம்பரில் வுல்ப்காங் பாலி என்னும் இயற்பியலாளர், பீட்டா சிதைவில் ஆற்றல் காணாமல் போவதை விளக்க, கண்ணுக்குத் தெரியாத ஒரு நடுநிலைத் துகள் இருக்க வேண்டும் என்று கடிதம் ஒன்றில் முன்மொழிந்தார். இத்தாலிய இயற்பியலாளர் என்ரிக்கோ பெர்மி அதை ஒரு முழுமையான கோட்பாடாக 1933–34 இல் வளர்த்தார். 1934 இல் ஹான்ஸ் பெத்தேயும் ருடால்ப் பையர்ல்சும் அத்துகள் அணுக்கருவோடு மோதும் வாய்ப்பைக் கணக்கிட்டனர். விடை அவ்வளவு சிறிதாக இருந்ததால், இத்துகளை நடைமுறையில் ஒருபோதும் காண இயலாது என்ற முடிவுக்கு அவர்கள் வந்தனர்.

இங்கே ஒரு சொல்லை விளக்கிவிட வேண்டும். ஒரு துகள் மற்றொன்றோடு மோதும் வாய்ப்பை இயற்பியலாளர்கள் 'குறுக்குவெட்டு' என்ற அளவால் குறிப்பர். சுவரில் வரைந்த வட்டத்தின் மீது பந்து எறிவதாகக் கொள்வோம். வட்டம் பெரிதானால் பந்து படும் வாய்ப்பு அதிகம், சிறிதானால் குறைவு. நியூட்ரினோவுக்கு அந்த வட்டம் மிக மிகச் சிறியது. பீட்டா சிதைவு ஆற்றல்களில் அதன் பரப்பு ஒரு சதுர சென்டிமீட்டரை 1-க்குப் பின் 44 சுழியங்கள் கொண்ட எண்ணால் வகுத்தால் வரும் அளவுக்கும் கீழே என்பதே 1934 கணக்கின் சாரம்.

ஆயினும் அந்த அவநம்பிக்கை நிலைக்கவில்லை. 1956 இல் பிரெடரிக் ரைன்சும் கிளைடு கோவனும் அமெரிக்காவின் சவன்னா ரிவர் அணு உலைக்கு அருகில் எதிர்நியூட்ரினோவைக் கண்டறிந்தனர். அணு உலையிலிருந்து வரும் நியூட்ரினோக்களின் எண்ணிக்கை மிகப் பெரிது என்பதே அதற்குக் காரணம். குறுக்குவெட்டு சிறிதாயினும் எறியும் பந்துகள் மிகுந்தால் சில பட்டே தீரும்.

கோலார், 1965

அண்டத்திலிருந்து வரும் கதிர்கள் நம் வளிமண்டலத்தில் மோதும்போதும் நியூட்ரினோக்கள் உண்டாகின்றன. இவற்றை வளிமண்டல நியூட்ரினோக்கள் என்பர். இவற்றைக் காண வேண்டுமானால் பிற அண்டக்கதிர்த் துகள்கள் எட்டாத ஆழத்துக்குச் செல்ல வேண்டும். உலகின் ஆழமான சுரங்கங்களுள் ஒன்றான கோலார் தங்கவயல் அதற்கு ஏற்ற இடமாக அமைந்தது. கர்நாடகத்தில் இருந்தாலும், வட ஆர்க்காடு, சேலம், தருமபுரி பகுதிகளிலிருந்து சென்ற தமிழ்த் தொழிலாளர் தலைமுறை தலைமுறையாக உழைத்த சுரங்கம் அது.

மும்பை டாட்டா அடிப்படை ஆய்வு நிறுவனம், ஜப்பானின் ஒசாகா நகரப் பல்கலைக்கழகம், இங்கிலாந்தின் டர்ஹாம் பல்கலைக்கழகம் ஆகிய மூன்றும் சேர்ந்து, நிலத்துக்கு அடியில் 2 கிலோமீட்டருக்கும் மிகுந்த ஆழத்தில் கருவிகளை நிறுவின. எம்.ஜி.கே. மேனன், பி.வி. ஸ்ரீகண்டன், எஸ். மியாகே, ஏ.டபிள்யூ. உல்பெண்டேல் முதலியோர் இக்குழுவில் இருந்தனர். 1965 ஆகஸ்டில் வளிமண்டல நியூட்ரினோவைக் கண்ட செய்தியை இக்குழு வெளியிட்டது. அதே மாத இறுதியில் தென்னாப்பிரிக்கத் தங்கச் சுரங்கம் ஒன்றில் ஆய்வு செய்த ரைன்சின் குழுவும் தன் முடிவை வெளியிட்டது.

கோலாரில் கிடைத்த நிகழ்வுகள் விரல்விட்டு எண்ணக்கூடியவை. அந்தச் சில நிகழ்வுகள் நியூட்ரினோவால் விளைந்தவை என்று சொல்வதற்கு இரண்டு மதிப்பீடுகள் தேவைப்பட்டன. ஒன்று, வளிமண்டலத்திலிருந்து எத்தனை நியூட்ரினோக்கள் வருகின்றன என்பது. மற்றொன்று, அவை பாறையிலுள்ள அணுக்கருக்களோடு எந்த அளவு மோதும் என்பது. இரண்டையும் பெருக்கினால் எதிர்பார்க்கும் எண்ணிக்கை கிடைக்கும். 'கண்டது எவ்வளவு, எதிர்பார்த்தது எவ்வளவு' என்ற இந்த ஒப்பீடே அன்றிலிருந்து இன்றுவரை நியூட்ரினோ ஆய்வின் அடித்தளம். எதிர்பார்த்த எண் தவறானால் முடிவும் தவறும்.

அணுக்கருவுக்குள் நடப்பது

தனித்த புரோட்டானோடு நியூட்ரினோ மோதினால் கணக்கு ஓரளவு எளிது. ஆனால் கருவிகள் நீர், எண்ணெய், இரும்பு, ஆர்கான் போன்ற பொருள்களால் ஆனவை. இரும்பு அணுக்கருவில் 26 புரோட்டான்களும் பெரும்பாலும் 30 நியூட்ரான்களும் உள்ளன. அவை அசையாமல் நிற்பதில்லை. அணுக்கருவுக்குள் விரைந்து இயங்கிக்கொண்டே இருக்கின்றன. மோதிய நியூட்ரினோ ஒரு மியூவானை வெளியேற்றும். அதோடு ஒரு புரோட்டான் மட்டும் வெளிவரலாம். பையான் என்னும் துகளும் பிறக்கலாம். ஆற்றல் மிகுதியானால் பல துகள்கள் சிதறலாம்.

பிறந்த பையான் அணுக்கருவை விட்டு வெளியேறும் வழியில் வேறு புரோட்டான்களில் மோதித் திசை மாறலாம். மின்சுமை மாறலாம். முற்றிலும் உறிஞ்சப்பட்டு மறைந்தும் போகலாம். கருவி காண்பது வெளியே வந்த துகள்களை மட்டுமே. உள்ளே நடந்தது என்ன என்பதை அவற்றிலிருந்து ஊகிக்க வேண்டும்.

இதை விளங்கிக்கொள்ளக் கடலூர் மாவட்டத்து மாணவர்களுக்கு எடுத்துக்காட்டுத் தேடி வெகுதூரம் போக வேண்டியதில்லை. பண்ருட்டிச் சந்தையில் பலாப்பழத்தை அறுக்காமலே உள்ளே எத்தனை சுளை இருக்கும் என்று மதிப்பிட வேண்டியிருக்கிறது. காரிநாயனாரின் கணக்கதிகாரம் என்னும் பழைய கணித நூலில் இதற்கு ஒரு விதியே உண்டு. காம்பைச் சுற்றியுள்ள சிறு முள்களை எண்ணி, 6 ஆல் பெருக்கி, 5 ஆல் வகுத்தால் சுளைகளின் எண்ணிக்கை வரும் என்பது அவ்விதி. 50 முள் இருந்தால் 60 சுளை. இது ஒரு மாதிரிக் கணக்கு. தட்டிப் பார்த்து ஓசையால் மதிப்பிடுபவர் வேறோர் எண்ணைச் சொல்லலாம். எடையை வைத்துச் சொல்பவர் மூன்றாவது எண்ணைச் சொல்லலாம். மூவரும் வெளியே தெரிவதை வைத்தே உள்ளே இருப்பதைச் சொல்கின்றனர். பலாப்பழத்தை அறுத்துப் பார்த்து யார் சொன்னது சரி என்று முடிவு செய்துவிடலாம். அணுக்கருவை அப்படி அறுத்துப் பார்க்க வழியில்லை. எனவே மதிப்பீடுகளை ஒன்றோடொன்று வைத்துப் பார்ப்பதும், ஒவ்வொன்றையும் கருவியின் பதிவோடு வைத்துப் பார்ப்பதும் தவிர வேறு வழி இல்லாமல் போகிறது.

மாண்டி கார்லோ முறை

நடக்கக்கூடியவை பல, எது நடக்கும் என்பது நிகழ்தகவைப் பொறுத்தது. இத்தகைய சிக்கல்களுக்கு ஏற்றது மாண்டி கார்லோ முறை. ஸ்டானிஸ்லாவ் உலாம், ஜான் வான் நியூமன், நிக்கலஸ் மெட்ரோபொலிஸ் ஆகியோர் 1940-களில் இதை வளர்த்தனர். சூதாட்டத்துக்குப் பெயர்பெற்ற ஊரின் பெயரே இம்முறைக்கு வைக்கப்பட்டது. தாயம் உருட்டுவதுபோல் தற்போக்கு எண்களை எடுத்து, ஒவ்வொரு படியிலும் என்ன நடக்கும் என்று தீர்மானித்துக்கொண்டே போவது இதன் வழி. ஒருமுறை உருட்டினால் ஒன்றும் தெரியாது. லட்சம் முறை உருட்டினால் சராசரி தெளிவாகும்.

அணுக்கருவுக்குள் ஒரு துகள் மோதி மோதிச் செல்வதை 1948 இல் மார்வின் கோல்ட்பெர்கர் கணினி இன்றிக் கையாலேயே இம்முறையில் கணக்கிட்டார். இன்றைய நியூட்ரினோ நிரல்களில் உள்ள 'அணுக்கரு அடுக்கு மோதல்' பகுதி அதன் வழித்தோன்றலே. துகள்கள் அடுக்கடுக்காகப் பெருகுவதை நிகழ்தகவுக் கணிதத்தால் ஆராய்ந்தோருள் சென்னையைச் சேர்ந்த அல்லாடி ராமகிருஷ்ணனும் ஒருவர். 1962 இல் அவர் நிறுவிய கணித அறிவியல் நிறுவனம், நாற்பது ஆண்டுகள் கழித்து நியூட்ரினோ உருவகப்படுத்தல் பணியில் முக்கிய இடம் வகித்தது.

தேவையான இயற்பியல் வாய்பாடுகள் 1970-களில் வந்தன. 1972 இல் கிறிஸ் லெவலின் சுமித், நியூட்ரினோ ஒரு நியூட்ரானை மோதிப் புரோட்டானாக மாற்றும் எளிய வினைக்கு முழுமையான விளக்கம் தந்தார். அதே ஆண்டில் சுமித், மோனிஸ் என்னும் இருவர் அணுக்கருவுக்குள் துகள்களின் இயக்கத்தைச் சேர்த்துக் கணக்கிடும் முறையை வெளியிட்டனர். 1981 இல் டீட்டர் ரைனும் இந்தியரான லலித் மோகன் சேகலும் ஜெர்மனியின் ஆகன் நகரிலிருந்து பையான் உருவாகும் வினைக்கான வாய்பாட்டை வெளியிட்டனர். 'ரைன்–சேகல் மாதிரி' எனப்படும் அது பல பத்தாண்டுகள் ஏறத்தாழ எல்லா நிரல்களிலும் இடம்பெற்றிருந்தது.

புதிய இயற்பியலா, கணக்கின் பிழையா?

உருவகப்படுத்தலை நம்பலாமா என்ற கேள்வி 1980-களின் இறுதியில் கூர்மையாக எழுந்தது. ஜப்பானின் காமியோகாண்டே கருவி, மியூவான் வகை நியூட்ரினோக்கள் எதிர்பார்த்ததைவிடக் குறைவாக வருவதாக 1988 இல் அறிவித்தது. அமெரிக்காவின் ஐ.எம்.பி. கருவியிலும் அப்படிப்பட்ட குறைவு தெரிந்தது. இவை இரண்டும் நீரால் ஆன கருவிகள். ஐரோப்பாவில் இரும்பால் ஆன பிரேசூஸ், நூசெக்ஸ் கருவிகளிலோ அக்குறைவு தென்படவில்லை.

நியூட்ரினோ ஒரு வகையிலிருந்து மற்றொரு வகைக்கு மாறுவதால் குறைவு ஏற்பட்டதா, அல்லது நீரிலுள்ள ஆக்சிஜன் அணுக்கருவில் நடப்பதைக் கணினி தவறாகக் கணித்ததா என்ற ஐயம் வலுத்தது. பின்னர் அமெரிக்காவின் சவுடன்-2 என்னும் இரும்புக் கருவியும் குறைவைக் கண்டதால், நீருக்கும் இரும்புக்கும் உள்ள வேறுபாடு இதற்குக் காரணம் அன்று என்ற எண்ணம் வலுப்பெற்றது.

1998 இல் சூப்பர் காமியோகாண்டே இதற்கு முடிவு கட்டியது. மேலிருந்து வரும் நியூட்ரினோக்களையும், பூமியைத் துளைத்துக்கொண்டு கீழிருந்து வருபவற்றையும் அது தனித்தனியே எண்ணியது. கீழிருந்து வந்தவை ஏறத்தாழ பாதிதான் இருந்தன. இரண்டும் ஒரே நீரில், ஒரே அணுக்கருவோடு மோதுகின்றன. எனவே குறுக்குவெட்டுக் கணக்கில் பிழை இருந்தாலும், அது இரு பக்கமும் ஒரே அளவாக இருந்து வகுத்தலில் நீங்கிவிடும். கணக்கின் பிழை பாதிக்காத ஒரு கேள்வியைத் தேர்ந்தெடுத்ததே அந்த ஆய்வின் வலிமை. இதற்காகத் தக்காக்கி கஜிட்டாவுக்கு, சூரிய நியூட்ரினோ ஆய்வாளர் ஆர்தர் மெக்டொனால்டுடன் சேர்த்து, 2015 ஆம் ஆண்டின் நோபல் பரிசு வழங்கப்பட்டது.

நிரல்களை ஒரே மேசையில் வைத்தல்

நியூட்ரினோ மாறுகிறது என்று தெரிந்த பின், எவ்வளவு மாறுகிறது என்று துல்லியமாக அளக்கும் காலம் வந்தது. இதற்கு ஒவ்வொரு நியூட்ரினோவின் ஆற்றலும் தெரிய வேண்டும். அதுவோ வெளிவந்த துகள்களைக் கொண்டு ஊகிக்கப்படுவது. மேல்–கீழ் வகுத்தலில் நீங்கிய பிழைகள் இங்கே நீங்காமல் தங்கிவிடும்.

அதுவரை ஒவ்வோர் ஆய்வுக்குழுவும் தனக்கென ஒரு நிரலை எழுதி வைத்திருந்தது. ஜப்பானியக் குழுக்களிடம் 'நியூட்' இருந்தது. ஐ.எம்.பி. மரபில் டேவ் காஸ்பர் வளர்த்தது 'நுவான்ஸ்'. சவுடன்-2, மைனாஸ் ஆய்வுகளுக்கு 'நியூஜென்' பயன்பட்டது. ஒரே நியூட்ரினோவை, ஒரே அணுக்கருவின் மீது மோதவிட்டால் இவை எல்லாம் ஒரே விடையைத் தருமா? இக்கேள்விக்காகவே 2001 டிசம்பரில் ஜப்பானின் கே.இ.கே. ஆய்வகத்தில் 'நூஇன்ட்' என்னும் பன்னாட்டுப் பயிலரங்கு தொடங்கப்பட்டது. நியூட், நுவான்ஸ், நியூஜென் ஆகிய மூன்றின் உள்ளமைப்பையும் அவற்றை எழுதியவர்களே அக்கூட்டத்தில் விளக்கிக் கட்டுரைகளாக வெளியிட்டனர். தனித்தனி வீட்டுக் குறிப்பேடுகளாக இருந்தவை பொதுப் பார்வைக்கு வந்தது இப்படித்தான்.

அடுத்த பத்தாண்டில் மேலும் நிரல்கள் வந்தன. போலந்தின் விராத்ஸ்வாப் பல்கலைக்கழகத்தில் 'நூவ்ரோ' பிறந்தது. ஜெர்மனியின் கீசன் நகரில் 'கிபூ' வளர்ந்தது. பல நாட்டினர் சேர்ந்து பொதுப் பயன்பாட்டுக்கு எழுதிய 'ஜீனி' பற்றிய விரிவான கட்டுரை 2010 இல் வெளிவந்தது. இவற்றின் அணுகுமுறைகள் வேறுபட்டவை. நியூட், நூவ்ரோ இரண்டும் துகளை அணுக்கருவுக்குள் அடிமேல் அடியாக நடத்திச் சென்று ஒவ்வோர் அடியிலும் மோதலைத் தீர்மானிக்கின்றன. ஜீனியில் பலர் பயன்படுத்திய ஒரு முறை, இந்த நடையைச் சுருக்கி, ஒட்டுமொத்த விளைவை ஒரே படியில் தீர்மானிப்பது. கிபூவோ அனைத்துத் துகள்களின் இயக்கத்தையும் பெயர்ச்சிச் சமன்பாடுகளால் தொடர்ந்து பின்பற்றுவது.

2009 இல் ஸ்பெயினின் சிட்ஜஸ் நகரில் நடந்த நூஇன்ட் கூட்டத்தில் ஒரு முறையான ஒப்பீடு முன்வைக்கப்பட்டது. கோட்பாட்டாளர்களிடமும் நிரல் எழுதுவோரிடமும் ஒரே கணக்கு கொடுக்கப்பட்டு, விடைகள் ஒரே வரைபடத்தில் அடுத்தடுத்து வரையப்பட்டன. பத்து மாணவர்களின் விடைத்தாள்களை அருகருகே வைத்துப் பார்ப்பது போன்றது இது. எளிய மோதலில் கோடுகள் நெருங்கி இருந்தன. பையான் உருவாகும் வினைகளில் அவை விலகிச் சென்றன. எந்த இடத்தில் நம் அறிவு குறைவு என்பதை அந்த விலகலே காட்டியது.

1.35 என்ற எண் எழுப்பிய சிக்கல்

ஒப்பீட்டின் பயனை விளக்க ஒரு நிகழ்வைச் சற்று விரிவாகப் பார்க்கலாம். லெவலின் சுமித் வாய்பாட்டில் 'அச்சு நிறை' என்ற ஓர் எண் வருகிறது. நியூட்ரினோவின் பார்வையில் புரோட்டான், நியூட்ரான் ஆகியவை எவ்வளவு பரந்து தோன்றுகின்றன என்பதைக் குறிப்பது அது. எண் உயர்ந்தால் மோதல்களின் எண்ணிக்கையும் உயரும். டியூட்டீரியம் நிரப்பிய பழைய குமிழ் அறைகளில் அளந்தபோது இதன் மதிப்பு ஏறத்தாழ 1.03 ஜிகா எலக்ட்ரான் வோல்ட் என வந்தது.

ஜப்பானின் கே2கே ஆய்வு நீரில் அளந்தபோது 1.20 வந்தது. அமெரிக்காவின் மினிபூன் ஆய்வு கார்பன் கொண்ட எண்ணெயில் அளந்து 2010 இல் 1.35 என்று வெளியிட்டது. ஐரோப்பாவின் நோமாட் ஆய்வுக்கோ, கூடுதல் ஆற்றலில், பழைய மதிப்பை ஒட்டியே 1.05 கிடைத்தது. ஒரே துகளின் ஒரே பண்பு ஆய்வுக்கு ஆய்வு மாறுவது எப்படி?

உண்மையில் மாறியது அந்த எண் அன்று. நிரல்களில் ஒரு வினையே விடுபட்டிருந்தது. பிரான்சைச் சேர்ந்த மார்ட்டினி, மேக்தா எரிக்சன் முதலியோர் 2009 இல் இதைச் சுட்டிக்காட்டினர். அணுக்கருவில் துகள்கள் இணை இணையாகவும் செயல்படுகின்றன. நியூட்ரினோ ஒன்றை மோதும்போது சில வேளை இரண்டும் சேர்ந்து வெளியே தள்ளப்படுகின்றன. மினிபூன் கருவியின் கண்ணுக்கு அதுவும் எளிய மோதல் போலவே தெரியும். விடுபட்ட வினையின் எண்ணிக்கையை ஈடுகட்டவே அச்சு நிறை செயற்கையாக உயர்த்தப்பட்டிருந்தது. ஸ்பெயினின் வலென்சியா குழுவும் 2011 இல் இதே திசையில் கணக்கிட்டது. பின்னர் எல்லா முக்கிய நிரல்களிலும் இவ்வினை சேர்க்கப்பட்டது.

இதன் விளைவு வெறும் எண்ணிக்கையோடு நிற்பதில்லை. இணை மோதலை எளிய மோதல் என்று எடுத்துக்கொண்டால், நியூட்ரினோவின் ஆற்றல் உண்மையைவிடக் குறைவாகக் கணக்கிடப்படும். ஆற்றல் தவறினால் நியூட்ரினோ மாற்றத்தின் அளவுகளும் தவறும். கணக்கில் ஒரு வரி விடுபட்டதை மறைக்க மற்றொரு வரியைத் திருத்தினால், அந்த மாதக் கூட்டல் சரியாக வரலாம். அடுத்த மாதம் கட்டாயம் உதைக்கும். மாணவர்கள் நினைவில் கொள்ள வேண்டிய பாடம் இது.

டேராடூன், 2011

நூஇன்ட் தொடரின் ஏழாவது கூட்டம் 2011 மார்ச் 7 முதல் 11 வரை இந்தியாவின் டேராடூனில் நடந்தது. அது தற்செயல் அன்று. அலிகார் முஸ்லிம் பல்கலைக்கழகத்தில் எஸ்.கே. சிங், சஜ்ஜாத் அத்தார் ஆகியோர் நியூட்ரினோ – அணுக்கரு மோதல் பற்றிப் பல ஆண்டுகளாக ஆராய்ந்து வந்தனர். அமெரிக்காவின் பெர்மி ஆய்வகத்தில் நடந்த மினர்வா ஆய்விலும் அப்பல்கலைக்கழகம் பங்கேற்றது. மினர்வா ஆய்வின் சிறப்பு, ஒரே நியூட்ரினோக் கற்றையைக் கார்பன், இரும்பு, ஈயம் ஆகிய வெவ்வேறு பொருள்களில் அடுத்தடுத்து மோதவிட்டு அளந்தது. நிரல்கள் கார்பனுக்குச் சரியாக இருந்து இரும்புக்குத் தவறுகின்றனவா என்று சோதிக்க அது வழிசெய்தது. இரும்பு என்றதும் நம் பார்வை தேனிப் பக்கம் திரும்ப வேண்டும்.

தேனியின் கட்டப்படாத கருவி

கோலாரில் நியூட்ரினோ ஆய்வுகள் 1990-களின் தொடக்கத்தில் நின்றன. 2001 இல் சுரங்கமும் மூடப்பட்டது. வளிமண்டல நியூட்ரினோவை முதலில் கண்ட நாட்டில் நிலத்தடி நியூட்ரினோ ஆய்வகமே இல்லை என்ற நிலை வந்தது. 2000 ஜனவரியில் சென்னையில் நடந்த உயர் ஆற்றல் இயற்பியல் பயிலரங்கில், புதிய ஆய்வகம் பற்றிய பேச்சு மீண்டும் எழுந்தது. 2002 இல் பல நிறுவனங்கள் சேர்ந்து 'இந்திய நியூட்ரினோ ஆய்வகம்' என்னும் கூட்டுத் திட்டத்தைத் தொடங்கின. சுருக்கமாக இதை ஐ.என்.ஓ. என்பர்.

முதலில் நீலகிரி மாவட்டம் சிங்காரா தேர்வு செய்யப்பட்டது. முதுமலைப் புலிகள் காப்பகத்தை ஒட்டிய பகுதி என்பதால் 2009 இல் மத்திய அரசு அதற்கு இசையவில்லை. பின்னர் தேனி மாவட்டம் பொட்டிப்புரம் அருகே போடி மேற்கு மலை தேர்வானது. சுமார் 2 கிலோமீட்டர் நீளச் சுரங்கப்பாதை குடைந்து, எல்லாத் திசையிலும் குறைந்தது 1 கிலோமீட்டர் பாறை சூழ்ந்த குகையில் கருவியை வைப்பது திட்டம்.

'ஐகால்' எனப்படும் அக்கருவியில் 50,000 டன் காந்தமூட்டிய இரும்பு இருக்கும். 5.6 சென்டிமீட்டர் தடிப்புள்ள இரும்புத் தகடுகள் 151 அடுக்குகளாக, இடையில் 4 சென்டிமீட்டர் இடைவெளியோடு அமையும். நியூட்ரினோ மோதினால் எதிர்மின் மியூவானும், எதிர்நியூட்ரினோ மோதினால் நேர்மின் மியூவானும் வெளிவரும். காந்தப்புலத்தில் அவை எதிரெதிர்ப் பக்கம் வளையும். எனவே இரண்டையும் பிரித்தறியலாம். பூமியைக் கடந்து வரும்போது இவ்விரண்டும் வெவ்வேறு அளவில் மாற்றம் அடைகின்றன. அந்த வேறுபாட்டைக் கொண்டு மூன்று நியூட்ரினோ நிறைகளின் வரிசையைக் கண்டறிவதே கருவியின் முதன்மை நோக்கம்.

இங்கேதான் குறுக்குவெட்டுக் கணக்கின் முக்கியத்துவம் விளங்கும். நியூட்ரினோவோடு ஒப்பிட எதிர்நியூட்ரினோவின் குறுக்குவெட்டு ஏறத்தாழ பாதி. இந்த விகிதம் இரும்பில் துல்லியமாகத் தெரியாவிட்டால், பூமி ஏற்படுத்திய வேறுபாடு எது, இரும்பு ஏற்படுத்திய வேறுபாடு எது என்று பிரிக்க இயலாது.

சென்னை கணித அறிவியல் நிறுவனம், டாட்டா நிறுவனம் முதலிய இடங்களில் இருந்தவர்கள் கருவி வருவதற்கு முன்பே அதைக் கணினியில் கட்டினர். நியூட்ரினோ இரும்பில் மோதுவதை நுவான்ஸ் நிரல் கணித்தது. பிறந்த துகள்கள் 151 அடுக்குகளில் பயணிப்பதை ஜியான்ட்-4 என்னும் மற்றொரு நிரல் கணித்தது. 1,000 ஆண்டுகளில் பதிவாகக்கூடிய நிகழ்வுகளைக் கணினியில் உண்டாக்கி, அதை 10 ஆண்டு அளவுக்குச் சுருக்கிக்கொண்டனர். குறைந்த எண்ணிக்கையால் வரும் ஏற்ற இறக்கத்தைத் தவிர்க்கவே இந்த ஏற்பாடு. 2015 இல் பொதுவில் வைக்கப்பட்டு 2017 இல் 'பிரமாணா' இதழில் வெளியான விரிவான அறிக்கையில் இம்முடிவுகள் தொகுக்கப்பட்டன. 10 ஆண்டுகள் இயங்கினால் நிறை வரிசையை ஏறத்தாழ '3 சிக்மா' உறுதியோடு சொல்லலாம் என்பது அதன் முக்கிய முடிவு.

அக்கணக்கில் ஒரு நேர்மையான வரி உண்டு. நியூட்ரினோ வரத்தின் அளவில் 20 விழுக்காடும், குறுக்குவெட்டில் 10 விழுக்காடும் பிழை இருக்கலாம் என்று முன்கூட்டியே வைத்துக்கொண்டே அவர்கள் கணக்கிட்டனர். உலகின் பல நிரல்களை ஒப்பிட்டுப் பார்த்த அனுபவம் கற்றுத்தந்த அடக்கம் இது. எந்த நிரலும் அதுவே உண்மை அன்று என்பதை அந்த 10 விழுக்காடு ஒப்புக்கொள்கிறது.

திட்டத்துக்கு 2015 ஜனவரியில் மத்திய அமைச்சரவை ஏறத்தாழ 1,500 கோடி ரூபாய் ஒதுக்க ஒப்புதல் அளித்தது. அதே ஆண்டு உயர்நீதிமன்ற மதுரைக் கிளை பணிகளுக்குத் தடை விதித்தது. 2017 மார்ச்சில் தேசியப் பசுமைத் தீர்ப்பாயம் சுற்றுச்சூழல் அனுமதியை நிறுத்திவைத்தது. 2018 இல் மத்திய அரசு மீண்டும் அனுமதி வழங்கியது. 2022 பிப்ரவரியில், மேற்குத் தொடர்ச்சி மலையின் சூழலைக் காரணம் காட்டி, இத்திட்டத்தை அனுமதிக்க இயலாது என்று தமிழ்நாடு அரசு உச்சநீதிமன்றத்தில் தெரிவித்தது.

இவ்விவாதத்தில் இரண்டு செய்திகளைக் கலக்கக் கூடாது. நியூட்ரினோவால் மக்களுக்குத் தீங்கு வரும் என்ற அச்சத்துக்கு அறிவியல் அடிப்படை இல்லை. நம் அனைவரின் வழியாகவும் அது எந்நேரமும் சென்றுகொண்டே இருக்கிறது. ஆனால் மலையைக் குடைவது, வெடி வைப்பது, காடு, நீர், வனவிலங்கு பற்றிய கேள்விகள் நியூட்ரினோவைப் பற்றியவை அல்ல. அவை அந்த மண்ணில் வாழ்வோரின் நியாயமான கேள்விகள். முதலாவதற்கு இயற்பியல் விடை சொல்லும். இரண்டாவதற்கு இயற்பியல் மட்டும் விடை சொல்ல முடியாது.

ஒப்பீட்டின் எல்லை

நிரல்கள் எல்லாம் ஒரே விடை தந்தால் அந்த விடை சரி என்று ஆகுமா? ஆகாது. நெடுங்காலம் ஏறத்தாழ எல்லா நிரல்களும் ரைன்–சேகல் மாதிரியையே எடுத்தாண்டன. எனவே அவற்றின் ஒற்றுமை ஒரே மூலத்திலிருந்து வந்த ஒற்றுமை. ஒருவரைப் பார்த்து ஒருவர் எழுதிய விடைத்தாள்கள் ஒத்துப்போவதில் வியப்பில்லை. இணை மோதல் எல்லா நிரல்களிலும் ஒன்றுபோல் விடுபட்டிருந்ததும் இதற்குச் சான்று. நிரல்கள் வேறுபடும்போது அறியாமையின் அளவு தெரிகிறது. ஒன்றுபடும்போது அறிவின் அளவு தெரிந்துவிட்டது என்று கொள்ள இயலாது. இறுதித் தீர்ப்பு அளவீட்டிடமே உள்ளது.

இதனால்தான் மதுரையில் 2018 முதல் இயங்கும் 'மினி ஐகால்' கவனத்துக்குரியது. 85 டன் எடையுள்ள இச்சிறு மாதிரி நியூட்ரினோவைக் காண்பதற்கு அன்று. அண்டக்கதிர் மியூவான்களைப் பதிவுசெய்து, காந்தமும் உணரிகளும் கணினி சொன்னபடி செயல்படுகின்றனவா என்று பார்ப்பதற்கு. உருவகப்படுத்தலின் ஒரு பாதியேனும் இரும்போடும் மின்சாரத்தோடும் ஒப்பிடப்படுகிறது. நியூட்ரினோ மோதல் என்னும் மறுபாதி இன்னும் கணினியிலேயே இருக்கிறது.

இன்றைய நிலை

ஜப்பானின் டி2கே ஆய்வு நியூட் நிரலையும், அமெரிக்காவின் நோவா ஆய்வு ஜீனி நிரலையும் அடிப்படையாகக் கொண்டவை. இந்திய நிறுவனங்கள் பல நோவாவில் பங்கேற்கின்றன. இரு குழுக்களும் தம் பதிவுகளை இணைத்து ஆராய்ந்து 2025 இல் 'நேச்சர்' இதழில் வெளியிட்டன. வேறு வேறு நிரல்களின் அனுமானங்களை எவ்வாறு ஒத்திசைப்பது என்பது அவர்கள் எதிர்கொண்ட முக்கியக் கேள்விகளுள் ஒன்று. சீனாவின் ஜூனோ கருவி 2025 ஆகஸ்டில் பதிவைத் தொடங்கியுள்ளது. அணு உலை எதிர்நியூட்ரினோக்களைக் கொண்டு நிறை வரிசையைக் காண்பது அதன் நோக்கம். தேனியில் தேடத் திட்டமிட்ட விடை வேறிடத்திலிருந்து வருவதற்கான வாய்ப்பே இன்று மிகுதி.

ஆயினும் ஐ.என்.ஓ. பணியில் ஈடுபட்ட ஆய்வு மாணவர்கள் கற்றது வீணாகவில்லை. உலகின் எந்த நியூட்ரினோ ஆய்வுக்கும் தேவைப்படும் கலை அது. நிகழ்தகவு, அணுக்கரு இயற்பியல், நிரலாக்கம் ஆகிய மூன்றும் தெரிந்தவருக்கு இத்துறையில் இன்றும் வேலை இருக்கிறது. ஜீனி உள்ளிட்ட சில நிரல்கள் எவரும் இலவசமாகப் பதிவிறக்கிப் பயன்படுத்தக் கூடியவை. கல்லூரியில் இயற்பியல் பயிலும் மாணவர் ஒருவர் தன் சொந்தக் கணினியில் ஒரு லட்சம் நியூட்ரினோக்களை இரும்பில் மோதவிட்டு, இரண்டு நிரல்களின் விடைகளை அடுத்தடுத்து வரைந்து பார்க்கலாம். கோடுகள் எங்கே பிரிகின்றனவோ, அங்கே இன்னும் விடை தெரியாத ஒரு கேள்வி இருக்கிறது.